கிரியேட்டிவ் டைரக்டர்: இயக்குநரா, நெறியாளரா?

சென்னைக் கல்லூரி ஒன்றின் வேலைவாய்ப்பு வழிகாட்டி நிகழ்ச்சி அழைப்பிதழில், 'விளம்பரத் துறையில் ஆக்கபூர்வ இயக்குநர் ஆவது எப்படி?' என்ற தலைப்பு அச்சாகியிருந்தது. 'கிரியேட்டிவ் டைரக்டர்' என்ற பதவியைத்தான் அப்படித் தமிழாக்கியிருந்தார்கள். இந்தத் தொடரை முன்பும் பலமுறை பார்த்துப் பேசாமல் இருந்திருக்கிறேன். அன்று பக்கத்து இருக்கையில் இருந்த மாணவி ஒருத்தியின் தந்தை, "இது கம்பெனி டைரக்டர் வேலைங்களா, சினிமா டைரக்டர் வேலைங்களா?" என்று கேட்ட பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

மூலச் சொற்கள் இரண்டும் இலத்தீனில் வேர்கொண்டவை. 'கிரெயாரே' என்றால் தோற்றுவித்தல். 'டிரிகெரே' என்றால் நேராக்குதல், வழிப்படுத்துதல். வேர் பற்றி இங்கே இவ்வளவு போதும்.

'ஆக்கபூர்வம்' என்ற சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. 'ஆக்கபூர்வமான விமர்சனம்', 'ஆக்கபூர்வமான எதிர்க்கட்சி' என்று எழுதும்போது, கெடுக்காமல் நன்மை பயக்கும் நோக்கம் உடையது என்றுதான் பொருள்கொள்கிறோம். அப்படியானால் ஆக்கபூர்வ இயக்குநர் என்பவர் யார்? மற்ற இயக்குநர்களெல்லாம் கெடுதல் செய்கிறவர்கள் என்றல்லவா அந்தத் தொடர் மறைமுகமாகச் சொல்கிறது? மூலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, அந்தப் பொருள் தமிழில் எங்கே குடியிருக்கிறது என்று திரும்பிப் பார்க்காத மொழிபெயர்ப்புப் பழக்கத்தின் விளைவு இது.

'படைப்பு இயக்குநர்' என்பது இதைவிட மேல். பலரும் அதைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் குழப்பம் அதன் பின்பாதியில் இருக்கிறது. விளம்பரப் படம் எடுக்கும் தளத்தில் 'இயக்குநர்' என்று ஒருவர் ஏற்கெனவே நிற்கிறார்; கேமராவை எங்கே வைப்பது, நடிகர் எப்படித் திரும்புவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. விளம்பர நிறுவனத்திலிருந்து வந்திருக்கும் கிரியேட்டிவ் டைரக்டர் (தளத்தில் அவரை 'சி.டி.' என்றுதான் அழைக்கிறார்கள்) மானிட்டருக்குப் பின்னால் அமர்ந்து, பேசி முடிவான கருத்து படத்தில் சிதையாமல் வருகிறதா என்று பார்க்கிறார். இருவரையும் இயக்குநர் என்றால் யாருடைய சொல்லுக்கு லைட்டைப் போடுவது? 'ஆர்ட் டைரக்டர்' கதையும் இப்படித்தான். விளம்பர நிறுவனத்தில் அவர் பக்கத்தின் காட்சி வடிவத்தைத் தீர்மானிப்பவர். 'கலை இயக்குநர்' என்று தமிழில் எழுதியதும் கோடம்பாக்கத்துக்காரர்கள் தோட்டா தரணியைப் போல அரங்கம் அமைப்பவர் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். சினிமா ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் இந்த ஊரில் அதை மீட்பது கடினம்.

இன்னும் சிலர் 'படைப்புத் தலைவர்' என்கிறார்கள். வேகமாகப் படித்தால் படைத்தலைவர் ஆகிவிடுகிறது. அதைப் பொறுத்துக்கொண்டாலும், தலைமை என்பது அதிகாரத்தைச் சொல்கிறதே தவிர வேலையைச் சொல்லவில்லை.

வேலை என்ன? நியூயார்க்கில் 1949இல் தொடங்கிய டாயில் டேன் பெர்ன்பாக் விளம்பர நிறுவனத்தில் அதன் நிறுவனர்களில் ஒருவரான பில் பெர்ன்பாக், வாசகம் எழுதும் காப்பிரைட்டரையும் ஆர்ட் டைரக்டரையும் ஒரே அறையில் இணையாக உட்காரவைத்தார். அந்த முறை பின்னர் உலகெங்கும் பரவியது. அப்படிப்பட்ட இணைகள் கொண்டுவரும் பத்து யோசனைகளில் ஒன்பதைத் தள்ளி, மிஞ்சிய ஒன்றைச் செதுக்கவைத்து, வாடிக்கையாளர் முன்னால் அதற்காக வாதாடி, தவறினால் பழியை ஏற்பவரே கிரியேட்டிவ் டைரக்டர். காப்பிரைட்டராகவோ ஆர்ட் டைரக்டராகவோ பல ஆண்டுகள் கைவேலை பழகித்தான் பெரும்பாலோர் அந்த நாற்காலிக்கு வருகிறார்கள். 1982இல் ஓகில்வி விளம்பர நிறுவனத்தில் வாடிக்கையாளர் தொடர்புப் பிரிவில் சேர்ந்து, பிறகு எழுத்துப் பக்கம் மாறி உச்சிக்குப் போன பியூஷ் பாண்டே போன்றவர்களும் உண்டு. எந்த வழியில் வந்தாலும், நாற்காலியில் அமர்ந்ததும் தான் எழுதுவது குறைந்து பிறரை எழுதவைப்பது கூடுகிறது. நல்ல எழுத்தாளர்கள் பலர் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான்.

இதே உறவுக்கு நம் பல்கலைக்கழகங்களில் ஒரு பெயர் இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதுபவர் மாணவர். எழுதவைத்து, திருத்தி, திருப்பி அனுப்பி, கடைசியில் கையெழுத்திடுபவர் நெறியாளர். இலங்கைத் தமிழர் நாடகத்தை மேடையேற்றும் பணியை 'நெறியாள்கை' என்கிறார்கள். நெறி என்றால் வழி. இலத்தீன் வேர் சொன்னதும் அதுவே. ஆகவே 'படைப்பு நெறியாளர்' என்பதே என் தேர்வு. தொலைக்காட்சி விவாதம் நடத்துபவரையும் நெறியாளர் என்கிறார்களே என்று ஒரு நண்பர் மறுத்தார். அவரும் பிறரைப் பேசவைக்க வேண்டியவர்தான். விருந்தினர்களைவிட அவரே அதிகம் பேசுவது சொல்லின் குற்றமாகாது.

பதவிப் படிகளுக்கும் இது வளைந்துகொடுக்கிறது: அசோசியேட் என்றால் இணைப் படைப்பு நெறியாளர், சீஃப் என்றால் தலைமைப் படைப்பு நெறியாளர். 'இயக்குநர்' என்று நகரம் போடுவதா, 'இயக்குனர்' என்று னகரம் போடுவதா என்று பிழை திருத்துபவரோடு மல்லுக்கட்டவும் வேண்டியதில்லை.