காந்தத்தில் ஒட்டுவதெல்லாம் பாக்டீரியா இல்லை

மேட்டூர் திறக்கும் செய்தி வருவதற்குள் ‘காந்த பாக்டீரியா’ பாட்டில் ஊருக்குள் வந்துவிடுகிறது. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் மண்ணின் உப்பை இழுத்துவிடும் என்று சொல்லி விற்கிறார்கள். பாட்டிலுக்கு வெளியே காந்தத்தை வைத்ததும் கருப்புப் பொடி சட்டென்று ஓடி வந்து ஒட்டுகிறது. அதைப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தவர்கள், பயிர் காய்ந்த பிறகுதான் மண் பரிசோதனைக்கு வருகிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதுகிறேன்.

காந்த பாக்டீரியா பொய்யில்லை. 1975-இல் ரிச்சர்ட் பிளேக்மோர் அமெரிக்கக் கடலோரச் சேற்றில் கண்டு எழுதியது. கரைந்த இரும்பை உள்ளே இழுத்து, மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாதுப் படிகங்களாக்கி, மணி கோத்த மாதிரி வரிசையாக வைத்துக்கொள்ளும். ஒரு படிகம் பெரும்பாலும் 35 முதல் 120 நானோமீட்டர்தான். எம்ஆர்ஐ படத்தைத் தெளிவாக்க, மருந்தை உரிய இடத்தில் சேர்க்க என்று இந்தப் படிகங்களை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. ஆக்ஸிஜன் கூடினால் படிகமே கட்டாது. ஆய்வகத்தில் வளர்ப்பதே பெரும்பாடு. அதைக் கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைத்து விற்கிறார்களாம்!

சரி, அந்தக் காந்த வித்தைக்கு வருவோம். காந்தம் இந்த பாக்டீரியாவின் முகத்தைத்தான் திருப்பும். நகர வேண்டுமானால் அது நீந்தித்தான் வர வேண்டும். மைக்ரோஸ்கோப்பில் ஒரு துளியை வைத்துக் காந்தத்தைத் திருப்பினால், எல்லாம் அரைவட்டம் அடித்துத் திரும்புவது தெரியும். வெறும் கண்ணுக்கு? சேற்று நீர் ஜாடியின் ஓரத்தில் காந்தத்தை வைத்துப் பொறுமையாகக் காத்திருந்தால் மங்கலாக ஒரு திட்டு சேரலாம், அவ்வளவுதான். கண் எதிரே பாய்ந்து வந்து ஒட்டுகிறதென்றால் அது இரும்புப் பொடி. லேத் பட்டறையில் குப்பையாகக் கிடக்கும்.

அப்புறம், உப்பு காந்தத்துக்கு இழுபடுமா? வேதாரண்யத்தில் உப்பளம் வைத்திருப்பவர்களிடமே கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். இரும்பை மாற்றும் பாக்டீரியாக்கள் தண்ணீர் கட்டிய வயல் சேற்றில் ஏற்கெனவே ஏராளம். காசு கொடுத்து ஊற்ற வேண்டியதில்லை.

முதலில் மண்ணையும் போர் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். உவரா (உப்பு மிகுந்த மண்), களரா (சோடியம் மிகுந்த மண்) என்று தெரியாமல் எதையும் போடாதீர்கள். களருக்கு ஜிப்சம், உவருக்கு நல்ல தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும், அதற்கு வடிகால் தூர்ந்திருக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே பாட்டில் என்று வருகிறவரை வரப்பிலிருந்தே திருப்பி அனுப்புங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? தயவுசெய்து வாய்க்காலில் கொட்டாதீர்கள். பாட்டிலையும் பில்லையும் எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை அலுவலகத்துக்குப் போங்கள். பில் தரவில்லை என்றால் அதையும் அங்கே சொல்லுங்கள்.