அசல் படத்தில் பசை தடவாதீர்கள்

பழைய புகைப்படங்களைச் சீர்செய்து கொடுப்பது என் தொழில். போன மாதம் ஒரு பெண் தான் செய்த ஆல்பத்தைக் கொண்டுவந்தார். பெற்றோரின் 25ஆம் ஆண்டு திருமண நாளுக்குக் கொடுத்த பரிசு. கறுப்பு சார்ட் பேப்பர், பூப்போட்ட கிஃப்ட் பேப்பர், ஓரத்தில் ஜிகினா, நடுவில் பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம். கைவேலை பிரமாதம். ஆனால் மழைக்காலத்து ஈரத்தில் கிஃப்ட் பேப்பரின் சிவப்புச் சாயம் படத்தின் ஓரத்தில் இறங்கிவிட்டது. டபுள் சைடு டேப்பின் பசை மஞ்சளாகிக் கசிந்து, படம் அட்டையோடு அட்டையாகிவிட்டது. பாட்டிக்கு வேறு படமே கிடையாதாம்.

புகைப்படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் உப்பி, மேலே எது இருந்தாலும் ஒட்டிக்கொள்ளும். மலிவான சார்ட், செய்தித்தாள் போன்றவற்றில் மரக்கூழிலிருந்து வரும் லிக்னின் என்ற பொருள் இருக்கும். நாளாக ஆக அமிலம் சேர்ந்து தாள் பழுக்கும், கூடவே படமும் கெடும். பைண்டிங் கடைகளில் பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். கணக்கு நோட்டுக்கு அது சரி. புகைப்படத்துக்கு வேண்டாம், அதிலுள்ள செம்பு தாளையே மெல்ல அரிக்கும்.

அதனால் முதலில் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து நகல் எடுங்கள். அப்புறம் அந்த நகலை வெட்டுங்கள், ஒட்டுங்கள், ஜிகினா தூவுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்? அசலும் ஆல்பத்தில் இருந்தே ஆகவேண்டும் என்றால் படத்தின் நான்கு மூலைகளையும், பக்கத்தில் ஒட்டிய சின்ன முக்கோணக் காகித உறைகளில் செருகுங்கள், பசை படத்தில் படக் கூடாது. அடியில் அமிலமற்ற தாள் வையுங்கள். பருத்தித் துணிக்கழிவில் செய்த கைத்தாளில் லிக்னின் தொல்லை இல்லை. ஆனால் வண்ணத்தாள் என்றால் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் படத்தருகே வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உறைகளில் பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர் பரவாயில்லை. பி.வி.சி. வேண்டவே வேண்டாம்.

ஏற்கெனவே ஒட்டிவிட்டதா? பிய்க்காதீர்கள், நனைக்கவும் வேண்டாம். பக்கத்தை அப்படியே ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் மெதுவாக அறுப்பதுபோல் நகர்த்துங்கள். மடங்குகிற மாதிரி தெரிந்தால் நிறுத்திவிட்டு விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பாட்டியின் படமும் அப்படித்தான் கழன்று வந்தது. சிவப்புக் கறை போகவில்லை, ஸ்கேனில்தான் சரிசெய்தேன். அந்தப் பெண் மறுபடி ஆல்பம் செய்கிறாராம். அதே சிவப்பு கிஃப்ட் பேப்பர்தான், மேலே மட்டும் நகல்.