யூஐ, யூஎக்ஸ்: இடைமுகமும் அனுபவமும்

"அண்ணா, யூஐ, யூஎக்ஸ் ரெண்டும் ஒண்ணுதானே?" சென்னையில் டிசைன் வேலைக்கு முயற்சி செய்யும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். வேலை விளம்பரங்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு சாய்வுக்கோடு போட்டு ஒட்டியே எழுதுவதால் வந்த குழப்பம் இது. செயலிகளின் திரைகளுக்குத் தமிழ் எழுதுவது என் வேலை என்பதால், சொல் வழியாகவே இதற்குப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

யூஐ என்பது யூசர் இன்டர்ஃபேஸ். தமிழில் பயனர் இடைமுகம். இலத்தீன் வழி வந்த 'இன்டர்' என்றால் இடையே, 'ஃபேஸ்' என்றால் முகம். 19ஆம் நூற்றாண்டில் இது அறிவியல் சொல்லாகத்தான் ஆங்கிலத்தில் புழங்கியது. தண்ணீர் மேல் எண்ணெய் மிதக்கும்போது இரண்டும் தொட்டுக்கொள்ளும் பரப்பு இருக்கிறதே, அதுதான் இன்டர்ஃபேஸ். மனிதரும் கணினியும் தொட்டுக்கொள்ளும் இடத்துக்கு அந்தப் பெயர் வந்தது பிற்பாடு.

'இடைமுகம்' வெறும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு, தமிழாக இல்லை என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கப்பலும் கரையும் சந்திக்கும் இடத்தைத் துறைமுகம் என்கிறோம். அடையாறு கடலோடு கலக்கும் இடம் கழிமுகம். பெசன்ட் நகர் பக்கம் உடைந்த பாலத்தருகே நின்று பார்த்தால் ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டு சேரும் இடத்துக்கு 'முகம்' என்று பெயர் வைப்பது நமக்குப் பழைய பழக்கம். அந்த வரிசையில் இடைமுகம் நன்றாகவே உட்காருகிறது. திரையில் நாம் பார்க்கிற, தொடுகிற எல்லாம் இதில் அடங்கும்: பொத்தான், பட்டியல், எழுத்துரு, நிறம், இடைவெளி.

'பயனர்' பற்றி ஒரு வார்த்தை. சிலர் 'பயனாளி' என்று எழுதுகிறார்கள். பயனாளி என்றால் அரசுத் திட்டத்தில் உதவி பெறுபவர் என்றே இங்கே காதில் விழும். பயனரே சரி.

அப்புறம் யூஎக்ஸ், அதாவது யூசர் எக்ஸ்பீரியன்ஸ். இந்தச் சொல்லைப் பரவச் செய்தவர் டான் நார்மன் என்ற அறிதல் அறிவியலாளர். 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது தன் பதவிப் பெயரிலேயே அதைச் சேர்த்துக்கொண்டார். இடைமுகம் என்பது குறுகிய சொல், ஒரு பொருளோடு மனிதருக்கு ஏற்படும் தொடர்பு முழுவதையும் அது பிடிக்கவில்லை என்பது அவர் எண்ணம். பின்னால் வந்த ஐஎஸ்ஓ (பன்னாட்டுத் தர அமைப்பு) வரையறை இன்னும் ஒரு படி போனது. ஒன்றைப் பயன்படுத்தும்போது தோன்றும் உணர்வு மட்டுமல்ல, பயன்படுத்தப் போகிறோம் என்ற எதிர்பார்ப்பில் தோன்றுவதும் இதில் சேரும் என்றது. செயலியைத் திறக்கும் முன்பே "ஐயோ, மறுபடியும் இதுவா" என்று அலுத்துக்கொள்கிறோமே, அதுவும் யூஎக்ஸ்தான்.

இதற்கு 'பயனர் அனுபவம்' என்று எழுதுகிறோம். அனுபவம் வடசொல், ஆகவே 'பட்டறிவு' என்று போட வேண்டும் என்பவர்கள் உண்டு. பட்டறிவு எனக்கு மிகவும் பிடித்த சொல். பட்டு அறிந்தது பட்டறிவு. "பட்டால்தான் புத்தி வரும்" என்று வீட்டில் சொல்வார்களே, அந்தப் 'படு'தான். ஆனால் பட்ட பிறகு கையில் மிஞ்சும் பாடம்தான் பட்டறிவு. யூஎக்ஸ் குறிப்பதோ பட்டுக்கொண்டிருக்கும் நேரத்தையும் சேர்த்து. அதனால் இந்த இடத்துக்கு அது முழுதாகப் பொருந்தவில்லை.

அனுபவத்திலும் ஒரு சங்கடம் இருக்கிறது. 'பயனர் அனுபவ வடிவமைப்பாளர் தேவை, 2 ஆண்டு அனுபவம்' என்று எழுதினால் ஒரே வரியில் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. இருந்தாலும் நான் அனுபவத்தின் பக்கம்தான். காரணம், கிரயப் பத்திரம். நிலத்தையோ வீட்டையோ விற்றுக் கொடுக்கும்போது, வாங்கியவர் அதை "ஆண்டு அனுபவித்துக்கொள்ள" வேண்டியது என்று எழுதுவது வழக்கம். அங்கே அனுபவித்தல் என்பது தன்னுடையதாக வைத்துப் புழங்குவது. பயன்பாடும் உணர்வும் ஒரே சொல்லில் ஏற்கெனவே நம் கையில் இருக்கின்றன.

சரி, இடைமுகம் எங்கே முடிகிறது, அனுபவம் எங்கே தொடங்குகிறது? எங்கள் தெருவில் பூக் கட்டி விற்கும் அக்கா திருநெல்வேலிக்குப் போட்டிருந்த பஸ் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டியிருந்தது. செயலியில் தமிழ் உண்டு. எழுத்து தெளிவு, நிறம் அழகு. 'பயணச்சீட்டை ரத்து செய்யவா?' என்ற கேள்விக்குக் கீழே இரண்டு பொத்தான்கள்: 'ரத்து செய்', 'சரி'. அக்கா 'ரத்து செய்' என்பதை அழுத்தினார், பெட்டி மறைந்தது. வேலை முடிந்தது என்று ஃபோனைக் கீழே வைத்துவிட்டார். ஆங்கிலத்தில் 'கேன்சல்' என்றிருக்கும் அந்தப் பொத்தானுக்கு 'இந்தக் கேள்வியையே விட்டுவிடு' என்று பொருள். அதை அகராதி பார்த்து அப்படியே மாற்றியிருக்கிறார்கள். டிக்கெட் ரத்தாகவில்லை, பஸ் கிளம்பிப் போனது, பணமும் போனது. "நான் சரியாத்தானே தம்பி அழுத்தினேன்?" என்று கேட்டார். சரியாகத்தான் அழுத்தியிருந்தார்.

'ஆம், ரத்து செய்', 'வேண்டாம், இருக்கட்டும்' என்று எழுதியிருந்தால் தீர்ந்தது. இடைமுகத்தில் மாறுவது சில சொற்கள்தான். அக்காவுக்கு அது ஒரு பயணத்தின் பணம்.

இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் ஃபிக்மா என்ற திரை வரையும் மென்பொருளைக் கற்றுக்கொண்டே தொடங்குகிறார்கள். தவறில்லை, அது வேண்டும். முறையாகப் படிக்க நினைத்தால் சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெஸ். என்ற முதுகலை வடிவமைப்புப் படிப்பில் சேரலாம். சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் இருக்கும் ஐஐஐடிடிஎம் காஞ்சிபுரம் என்ற கல்வி நிறுவனத்திலேயே அந்தப் படிப்பு இருக்கிறது. ஆனால் வேலை கேட்கும்போது காட்டும் மாதிரித் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் பிரபலமான செயலிகளை நிறம் மாற்றி மறுபடி வரைந்து வைப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அது இடைமுகம் மட்டும். யார் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள், அவர் விரல் எந்த இடத்தில் தயங்கியது, நீங்கள் எதை மாற்றினீர்கள், மாற்றிய பிறகு அதே விரல் என்ன செய்தது என்று ஒரே ஒரு கதை இருந்தாலும் வேலைக்கு எடுப்பவர் நிமிர்ந்து உட்காருவார். பெரிய ஆய்வு தேவையில்லை. ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000த்திலேயே எழுதினார். ஐந்து பேர் உங்கள் தெருவிலேயே கிடைப்பார்கள்.

இடைமுகமும் அனுபவமும் கைகோத்ததற்கு நல்ல உதாரணம் வேண்டுமென்றால் தமிழ்99 விசைப்பலகையைப் பாருங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்தது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் திரையில் 'அம்மா' வந்துவிடும். புள்ளிக்கென்று விரல் எங்கும் போகவில்லை.