47 அமினோ அமிலம்தானே என்று விட்டுவிடாதீர்கள்

நோயாளியின் ரத்தத்திலிருந்து வளர்ந்த கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா, கடைசிப் புகலிடமான கோலிஸ்டின் மருந்துக்கும் அசையவில்லை. ஜீனோமை வரிசைப்படுத்தி, எதிர்ப்பு மரபணு தேடும் மென்பொருளில் ஏற்றினால் 'எம்சிஆர் இல்லை' என்கிறது, அதாவது வெளியிலிருந்து வரும் கோலிஸ்டின் எதிர்ப்பு மரபணு இல்லை. முதல் சந்தேகம் எம்ஐசி மீதுதான், அதாவது கிருமியை அடக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவின் மீதுதான் விழும். அகாரில் மருந்து டிஸ்க் வைத்துப் பார்த்திருந்தால் அது நியாயமான சந்தேகம். கோலிஸ்டின் அகாரில் சரியாகப் பரவாது. மருந்தைத் திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்த்துப் பார்க்கும் பிராத் மைக்ரோடைல்யூஷனிலும் அதே விடை வந்தால், அடுத்துப் பார்க்கவேண்டிய மரபணுவின் பெயர் எம்ஜிஆர்பி. சென்னையில் யாருக்கும் மறக்காத பெயர்.

நீளம் 144 பேஸ், அதாவது 47 அமினோ அமிலமும் ஒரு நிறுத்தக் கோடானும் (மூன்று பேஸ் சேர்ந்தது ஒரு கோடான்). செல் சவ்வில் உட்கார்ந்து, ஃபோக்யூ என்ற உணரிப் புரதத்தை அடக்கி வைப்பது இதன் வேலை. இது உடைந்தால் ஃபோக்யூவுக்குக் கடிவாளம் இல்லை. வெளிச்சவ்வின் லிப்பிட்-ஏ மாற்றப்பட்டு, செல்லின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் குறைகிறது. நேர்மின்னூட்டமுள்ள கோலிஸ்டின் ஒட்ட இடமில்லை. பெரும்பாலும் ஐஎஸ் எனப்படும் தாவும் துண்டு ஒன்று நடுவில் புகுந்துதான் இதை உடைக்கிறது. அதே துண்டு ஜீனோமில் பல இடங்களில் இருப்பதால், சிறு ரீடுகளை (வாசித்த துணுக்குகளை) வைத்து அசெம்பிளி செய்யும்போது கான்டிக் (ஒட்டிச் சேர்த்த நீள்துண்டு) சரியாக அங்கேயே அறுந்துபோகும். மரபணுவின் ஒரு பாதி ஒரு கான்டிக் நுனியில், மறு பாதி இன்னொன்றின் நுனியில். பட்டியலில் இரண்டுமே வராமல் போகலாம். வெளியிலிருந்து வந்த மரபணுவைத் தேடும் மென்பொருளுக்கு, இருந்த மரபணு தொலைந்தது தெரியாது.

ஆகவே 47 அமினோ அமில வரிசையை எடுத்து, கான்டிக்குகளின் மீது புரத வரிசையை டிஎன்ஏவில் தேடும் டிபிளாஸ்ட்என்னை நேரடியாக ஓட்டுங்கள். கிளெப்சியெல்லா ஜீனோம்களுக்கான கிளெபோரேட் மென்பொருள் இதைத் தானாகவே பார்க்கும். மரபணுவுக்கு வெளியே இருபுறமும் பிரைமர் வைத்துப் பிசிஆர் செய்தால் இன்னும் உறுதி: ஐஎஸ் புகுந்திருந்தால் பட்டை ஏறத்தாழ 750 முதல் 1,300 பேஸ் வரை மேலே நிற்கும். பட்டையே வராவிட்டால் மரபணு முழுதாக நீங்கியிருக்கலாம், பிசிஆரே தோற்றிருக்கவும் கூடும். அதனால் எல்லா பாக்டீரியாவிலும் உள்ள 16எஸ் மரபணுவைக் கட்டுப்பாடாக வைக்காமல் தீர்ப்பு எழுதாதீர்கள். பட்டை சரியான அளவில் வந்தாலும் சாங்கர் முறையில் வரிசையை வாசிக்கவேண்டும். ஒரே பேஸ் மாறி நடுவில் நிறுத்தக் கோடான் வந்திருந்தால் ஜெல்லில் தெரியாது.

எம்ஜிஆர்பியை நமக்கு முன்பே தெரியும். பெயரே வைக்கப்படாத சிறு மரபணுக்கள்தான் உண்மையான சிக்கல். காசிமேட்டில் வஞ்சிர வலையை விரித்துவிட்டு நெத்திலி இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ஜீனோமில் நாம் அதைத்தான் சொல்கிறோம். ஜீனோமில் மரபணுக்களைக் குறிக்கும் புரோக்கா மென்பொருள் உள்ளே ஓட்டும் புரோடிகல், வழக்கமான அமைப்பில் 90 பேஸுக்குக் குறைந்ததைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. காரணம் சோம்பல் அல்ல. நான்கு பேஸும் சம அளவில் கலந்த சீரற்ற வரிசையில், 50 கோடான் வரை நிறுத்தம் வராமல் ஓடும் வாய்ப்பு ஏறத்தாழ 9 சதவீதம். 300 கோடானுக்கு அது பத்து லட்சத்தில் ஒன்றைவிடக் குறைவு. நீளம் குறையக் குறைய வெறும் தற்செயலும் மரபணு மாதிரியே தெரியும். எல்லையைத் தளர்த்தினால் குப்பை குவியும்.

காசநோய்க் கிருமியில் இது இன்னும் மோசம். சேத்துப்பட்டில் 1956 முதல் காசநோய் ஆராய்ச்சி நடக்கும் ஊர் இது. அந்த ஜீனோமோடு மல்லுக்கட்டுவோர் இங்கே அதிகம். 1998-இல் வெளியான எச்37ஆர்வி என்ற காசநோய்க் கிருமி ஸ்டிரெய்னின் வரிசையில் ஜி, சி எழுத்துகள் 65.6 சதவீதம். டிஏஏ, டிஏஜி, டிஜிஏ மூன்றிலும் ஏ, டி எழுத்துகளே மிகுதி என்பதால் நிறுத்தங்கள் அருகிப்போகின்றன. முன்சொன்ன 9 சதவீதம் இங்கே 29-ஐ நெருங்கும். போதாததற்கு, மைக்கோபாக்டீரியாவில் கணிசமான எம்ஆர்என்ஏக்களுக்கு முன்னொட்டுப் பகுதியே இல்லை. முதல் எழுத்திலேயே ஏடிஜி அல்லது ஜிடிஜி தொடங்கிவிடும். ரைபோசோம் ஒட்டும் இடத்தைத் துப்பாகக் கொள்ளும் கருவி இவற்றைத் தவறவிடும்.

ஒப்பீடும் கண்ணை மறைக்கும். டிபிளாஸ்ட்என் தானாகவே 'செக்' (SEG) வடிகட்டியைப் போடும்; சில எழுத்துகளே திரும்பத் திரும்ப வரும் பகுதியை அது மறைக்கும். சவ்வில் புதையும் சிறு புரதத்தில் லியூசினும் வேலினும் நிறைந்திருப்பதால் வரிசையின் பெரும்பகுதி மறைக்கப்படலாம். அதை அணைத்துவிடுங்கள். 30 அமினோ அமிலத்துக்குக் குறைந்தால் பிளாஸ்ட்பி-ஷார்ட், வேர்ட் சைஸ் 2, பாம்30 மதிப்பெண் அட்டவணை என்று அமையுங்கள். பெரிய தரவுத்தளத்தில் ஈ-மதிப்பை (தற்செயலாக எத்தனை பொருத்தம் வரலாம் என்ற எண்ணை) 10-இன் அடுக்கு மைனஸ் 5 என்று பிடிவாதமாக வைத்தால், 25 அமினோ அமிலம் அப்படியே பொருந்தினாலும் வெளியே போய்விடும். ஒரே சிற்றினத்தின் ஐம்பது ஸ்டிரெய்ன்களில் வரிசை அச்சாக ஒத்திருந்தால் அது சான்றே அல்ல. சற்று விலகிய சிற்றினத்தில், கோடானின் மூன்றாம் எழுத்து மாறியும் அமினோ அமிலம் மாறாமல் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

ஆய்வகத்திலும் ஒவ்வொரு படியிலும் சிறியது கழிந்து போகிறது. வழக்கமான சிலிக்கா காலம் 200 பேஸுக்குக் குறைந்த ஆர்என்ஏவை வழியவிடும். ஒரு சிறு மரபணுவின் முழு எம்ஆர்என்ஏவே அவ்வளவுதான், எனவே ட்ரைசால் எடுத்து ஆல்கஹாலில் வீழ்படிவாக்குவதே மேல். 12 சதவீத கிளைசின் ஜெல்லில் 5 கிலோடால்டன் புரதம் சாயத்தோடு கீழே ஓடிவிடும்; 16 சதவீத டிரைசின் ஜெல் போடுங்கள். ஜெல்லிலிருந்து புரதத்தை மாற்றும் பிளாட்டுக்கு 0.45 அல்ல, 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் சவ்வு. 10 கிலோடால்டன் வடிகட்டியில் மாதிரியைச் செறிவூட்டினால், தேடுவது கீழே சிங்க்கில் போகிறது. மாஸ் ஸ்பெக்டில், லைசினிலும் ஆர்ஜினினிலும் வெட்டும் டிரிப்சினை மட்டும் நம்பாதீர்கள். லைசினும் ஆர்ஜினினும் அதிகமிருந்தால் துண்டுகள் படிக்க முடியாத அளவு சிறுத்துவிடும், இல்லாவிட்டால் வெட்டே விழாது. குளு-சி என்ற வேறு நொதி கொண்டு இன்னொரு முறை வெட்டுங்கள். டிஎன்ஏவை ஆறு வாசிப்புச் சட்டகங்களிலும் மொழிபெயர்த்த தரவுத்தளத்தில் தேடினால், புதிய புரதங்களுக்கான பிழைவீதத்தைத் தனியாகக் கணக்கிடவேண்டும். ஏற்கெனவே தெரிந்த புரதங்களோடு கலந்தால் போலிகள் ஒளிந்துகொள்ளும்.

இப்போதைக்கு வலுவான துப்பு, ரெட்டபாமுலின் மருந்து கொடுத்து ரைபோசோமைத் தொடக்கக் கோடானிலேயே நிற்கவைத்து, அது நிற்கும் இடங்களைப் படிக்கும் ரைபோ-செக். ஈ. கோலையில், மருந்தை வெளியேற்ற உதவும் டோல்சி மரபணுவை நீக்கிய ஸ்டிரெய்ன் வேண்டும், இல்லையென்றால் செல் மருந்தை வெளியே தள்ளிவிடும். உச்சம் தெரிந்த இடமெல்லாம் மரபணு ஆகாது. பெரிய மரபணுவின் உள்ளேயும் ரைபோசோம் ஏறும். எனவே குரோமோசோமிலேயே மரபணுவின் வால்பக்கம் எஸ்பிஏ டேக் என்ற அடையாளத் துண்டை இணைத்து வெஸ்டர்ன் பிளாட்டில் பாருங்கள். கூடவே தொடக்கக் கோடானை நிறுத்தமாக மாற்றிய இன்னொரு ஸ்டிரெய்ன்; அதில் பட்டை மறையவேண்டும். அந்த டேக்கே 69 அமினோ அமிலம், 30 அமினோ அமிலப் புரதத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். பட்டை வந்தால் புரதம் உருவாகிறது என்று மட்டும் சொல்லலாம், அது வேலை செய்கிறது என்றல்ல.

தாவும் துண்டைச் செருகி மரபணுக்களை உடைத்துப் பார்த்த டிரான்ஸ்போசான் தரவில் 'அவசியமில்லை' என்று வந்திருக்கிறதே எனச் சிலர் ஒதுக்குவார்கள். அதற்குப் பயன்படும் ஹிமார்1, டி-யை அடுத்து ஏ (டிஏ) இருக்குமிடத்தில் மட்டுமே செருகும். எச்37ஆர்வியில் அப்படிப்பட்ட இடம் சராசரியாக 60 பேஸுக்கு ஒன்று. 90 பேஸ் மரபணுவில் ஒன்றோ இரண்டோ இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. தீர்ப்பைப் படிக்குமுன் அந்த மரபணுவில் எத்தனை டிஏ என்று எண்ணிவிடுங்கள்.