“கையெழுத்து மட்டும்தான் போட்டேன்” என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு

“சார், நான் அந்தப் பணத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. கையெழுத்து மட்டும்தான் போட்டேன்.”

தம்பு செட்டித் தெருவில் எந்த வக்கீல் அலுவலகத்தின் படியேறிக் கேட்டாலும் இந்த வசனம் அவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். போன வாரம் வக்கீலான என்னிடம் இதைச் சொன்னவர் அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர். கூட வேலை பார்த்தவர் சீட்டு எடுத்தபோது ஜாமீன் போட்டிருக்கிறார். எடுத்தவர் சில தவணைகள் கட்டினார், பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சென்னையை விட்டே போய்விட்டார். இப்போது இவருடைய சம்பளச் சீட்டில் வருமான வரிக்குக் கீழே கோர்ட் பிடித்தம் என்று புதிதாக ஒரு வரி. அதைப் பார்த்த பிறகுதான் வக்கீல் ஞாபகம் வந்திருக்கிறது. அதற்கு முன்பே வந்திருந்த பதிவுத் தபால்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். “வீட்டில் ஆள் இல்லை என்று தபால்காரரிடம் சொல்லச் சொல்லிவிட்டேன் சார்” என்றார். ஏதோ சாமர்த்தியம் செய்துவிட்டவர் போலத்தான் சொன்னார்.

ஐயாயிரம் ரூபாய் கைமாற்றுக் கேட்டால் பத்து நாள் யோசிக்கிற மனிதர்கள், ஐந்து லட்சத்துக்கு ஜாமீன் கேட்டால் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிடுகிறார்கள். பணம் கொடுத்தால் கையிலிருந்து போவது கண்ணுக்குத் தெரிகிறது. பெயரைக் கொடுக்கும்போது அன்றைக்கு ஒன்றும் குறைவதில்லை. குறைகிற நாளில் யாரும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதுமில்லை.

என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் நம்பிக்கையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். “வாங்கினவருக்குப் போரூரில் வீடு இருக்கிறது, கார் இருக்கிறது. முதலில் அவரிடம் வசூலிக்கட்டும். போதாவிட்டால் என்னிடம் வரட்டும்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சட்டம் அப்படி இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆவது பிரிவு: கடனாளியின் பொறுப்பு எவ்வளவோ, ஜாமீன்தாரரின் பொறுப்பும் அவ்வளவே. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் தவிர. எந்த நிதி நிறுவனமும் வேறுவிதமாக எழுதாது.

இது நேற்று வந்த புதுமை இல்லை. பீகாரில் ஒரு வங்கி தொடுத்த வழக்கில், கடனாளியிடம் எல்லா வழியிலும் முயன்று பார்த்த பிறகே ஜாமீன்தாரரைத் தொட வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் நிபந்தனை போட்டது. உச்ச நீதிமன்றம் 1969இல் அந்த நிபந்தனையைத் தூக்கி எறிந்தது. கடனாளியிடம் முட்டி மோதிவிட்டு வா என்று சொன்னால், பிறகு ஜாமீன் வாங்கியதற்கே பொருள் இல்லாமல் போகும் என்பதுதான் காரணம். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இன்னமும் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து “அவரைக் கேட்காமல் என்னை எப்படிக் கேட்கலாம்?” என்கிறார்கள். கேட்கலாம் ஐயா. உங்களை மட்டும் தனியாகவும் கேட்கலாம். கடன் கொடுத்தவர் இடத்தில் நின்று பாருங்கள்: ஊரைவிட்டுப் போனவரைத் தேடுவது எளிதா, மாதக் கடைசியில் சம்பளம் வாங்கிக்கொண்டு அதே நாற்காலியில் இருப்பவரைப் பிடிப்பது எளிதா? நீங்கள் அந்த நாற்காலியில் இருப்பதால்தான் உங்களிடம் கையெழுத்தே கேட்டார்கள்.

இதன் தம்பி ஒருவன் இருக்கிறான்: “இரண்டு பேர் ஜாமீன் போட்டோம், அதனால் என் பங்கு பாதிதானே?” கொடுத்தவருக்கு அந்தக் கணக்கு கிடையாது. முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமே வசூலிக்கலாம். கட்டிய பிறகு மற்ற ஜாமீன்தாரரிடம் அவர் பங்கைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்குத் தனியாக வழக்குப் போட வேண்டியிருக்கும்.

“சாட்சிக் கையெழுத்து என்று நினைத்துத்தான் போட்டேன்” என்பவர்களும் உண்டு. புரோநோட்டில் சாட்சியாகக் கையெழுத்திட்டவர், இன்னார் என் கண்முன்னே கையெழுத்திட்டார் என்று சொல்கிறார், அவ்வளவுதான். அவர் கடனுக்குப் பொறுப்பாளி ஆவதில்லை. ஜாமீன்தாரர் என்ற இடத்தில் போட்டவர் ஆகிறார். இணைக் கடனாளி என்ற இடத்தில் போட்டவர் ஜாமீன்தாரர்கூட இல்லை, அவரே கடன் வாங்கியவர். மூன்றுக்கும் வேறுபாடு, நீங்கள் கையெழுத்திடும் கோட்டுக்கு மேலேயோ கீழேயோ பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். நடப்பது என்னவென்றால், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வரவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பார்கள். எதிரே நிற்பவர் தாளைப் புரட்டிக்கொண்டே “இங்கே சார், இங்கே ஒன்று, அப்புறம் இங்கே” என்பார். நீங்கள் குறியைப் பார்ப்பீர்கள், எழுத்தைப் பார்க்க மாட்டீர்கள். நிரப்பாத இடங்கள் நிறைய இருக்கும். கடன் தொகை எழுதும் கட்டமே காலியாக இருந்த பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டு வந்த ஒரு கணக்காளரை எனக்குத் தெரியும். கணக்காளர்!

சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பராமரிப்புத் தொகை தவிர்த்த மற்ற டிகிரிகளுக்கு (அதாவது நீதிமன்றத் தீர்ப்பாணைகளுக்கு), சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம். கணக்கில் கொள்ள வேண்டிய சம்பளம் 40,000 என்றால், ஆயிரம் போக 39,000. அதில் மூன்றில் ஒரு பங்கு 13,000. ஒரே டிகிரிக்காக 24 மாதங்கள் வரை இப்படிப் பிடிக்கலாம். கூட்டிப் பார்த்தால் 3,12,000 ரூபாய். வருங்கால வைப்பு நிதியையும் அரசு ஓய்வூதியத்தையும் ஜப்தி செய்ய முடியாது. வீடும் மனையும் அப்படித் தப்பிப்பதில்லை.

அடுத்தது, ஜாமீனோடு சேர்த்துக் கொடுக்கும் வெற்றுக் காசோலை. “தொகை எழுதவில்லை சார், அது செல்லாதுதானே?” செல்லும். கையெழுத்திட்ட காசோலையை வேறொருவர் நிரப்பினார் என்பதற்காக மட்டும் அது செல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. கடன் வாங்காத ஜாமீன்தாரர் கொடுத்த காசோலை திரும்பினாலும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவு பாயும் என்று 2002லேயே சொல்லியிருக்கிறது. வங்கிக்குப் போய்ப் பணம் தர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்பதும் பலிக்காது. நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் பணம் கட்ட வேண்டும், தவறினால் குற்ற வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். யாரோ ஒருவருடைய மகள் திருமணத்துக்காகக் கொடுத்த காசோலைக்காக எழும்பூர் நீதிமன்ற வராந்தாவில் பெயர் கூப்பிடக் காத்திருக்கும் மனிதர்களைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

கடன் வாங்குவதற்கே பெயரைக் கொடுப்பது இன்னொரு வகை. நண்பனுக்குச் சிபில் மதிப்பெண் சரியில்லை, அதனால் செல்போனை என் பெயரில் தவணைக்கு எடுத்தேன். மைத்துனனுக்கு பைக்கை என் பெயரில் எடுத்தேன். இதில் ஜாமீன் என்ற பேச்சே இல்லை. கடனாளி நீங்கள்தான். அந்த நண்பன் யார் என்பது சட்டத்துக்குத் தெரியவே தெரியாது. அவன் கட்டாத தவணைகள் உங்கள் கடன் வரலாற்றில் ஏறும், நீங்கள் வீட்டுக்கடன் கேட்கும்போது வங்கி மேலாளர் திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார். இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எடுத்துப் பாருங்கள். நீங்கள் மறந்துபோன ஜாமீன்கூட அதில் இருக்கலாம்.

பைக் என்றதும் ஒன்று. ஆர்.சி.யில் யார் பெயரோ, விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு அவர்தான் உரிமையாளர். விற்றுவிட்டேன், கைமாறிவிட்டது என்று சொன்னாலும், பதிவில் பெயர் மாறாதவரை பொறுப்பு பழைய பெயருக்கே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. உரிமம் இல்லாதவரிடம் தெரிந்தே சாவியைக் கொடுத்திருந்தால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உங்களிடம் வசூலிக்கும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் கொடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். பக்கத்துக் கடைக்குத்தானே என்று சாவியைத் தூக்கிப் போடும் அப்பாக்கள் இதைப் படிக்கிறார்களா என்று தெரியவில்லை.

இனிச் சொல்லப்போவதைக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். கெஞ்சித்தான் கேட்கிறேன். “உன் பெயரில் ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கிக் கொடு, ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் என்னிடம் கொடுத்துவிடு, மாதம் ஒரு தொகை தருகிறேன்” என்று விடுதி அறைத் தோழனோ, சமூக வலைதளத்தில் பழக்கமான யாரோ கேட்பார்கள். வரி விஷயம், ஆன்லைன் விளையாட்டுக் கணக்கு என்று ஏதாவது காரணம் இருக்கும். இணைய மோசடியில் பறித்த பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். ராஜஸ்தானிலோ தெலங்கானாவிலோ ஏமாந்த ஒருவர் இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் கொடுப்பார். கணக்கு முடங்கும். பணம் போன வழியைப் பிடித்துக்கொண்டு வரும் போலீசாரின் கையில் இருக்கும் முதல் முகவரி இந்தப் பிள்ளையுடையது. மோசடி செய்தவனுக்கு இதில் பெயரே கிடையாது. வேறு மாநிலத்தில் வழக்கு, அங்கே போய் ஜாமீன் மனு, செமஸ்டர் தேர்வு நாளில் விசாரணை. அந்தப் பெற்றோரிடம் நான் என்ன பீஸ் கேட்பது?

ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே வங்கிக்குப் போய் எழுத்தில் தெரிவித்துக் கணக்கை மூடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

ஜாமீனே போடக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஜாமீன் இல்லாமல் இந்த ஊரில் பாதிப் பேர் சீட்டும் எடுக்க முடியாது, கல்விக் கடனும் வாங்க முடியாது. முழுத் தொகையையும் நீங்களே கட்ட நேர்ந்தாலும் வீடு ஆடிப்போகாது என்றால் போடுங்கள். மனைவிக்கோ கணவருக்கோ தெரியாமல் போடாதீர்கள். காலிக் கட்டம் உள்ள தாளில் போடாதீர்கள். நீங்கள் கையெழுத்திட்ட பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்; தர மறுத்தால் பேனாவை மூடுங்கள். கடனாளி தவணை கட்டுகிறாரா என்று நிறுவனத்திடம் அவ்வப்போது கேளுங்கள். மறுக்க முடியாத உறவு என்றால், கையிலிருப்பதில் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்ற அளவுக்கு ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் கைகூப்பிவிடுங்கள். அத்தை கோபித்துக்கொள்வார். ஜப்தி செய்ய நீதிமன்ற அமீனா வீட்டு வாசலில் நின்றால் அந்த அத்தையும் வரப்போவதில்லை.

பணம் கட்ட வேண்டி வந்துவிட்டதா? ரொக்கமாகக் கட்டிவிட்டு ரசீது இல்லாமல் வராதீர்கள். கட்டிய தொகையைக் கடனாளியிடம் திரும்பப் பெறும் உரிமையை ஒப்பந்தச் சட்டம் உங்களுக்குத் தருகிறது. கடன் கொடுத்தவரிடம் இருக்கும் அடமானமும் அப்போது உங்களுக்குப் பயன்படும். உங்கள் சம்மதம் இல்லாமல் கடன் நிபந்தனைகளை மாற்றியிருந்தால், அதற்குப் பிந்தைய பாக்கியிலிருந்து விடுபடவும் வழி உண்டு, அச்சிட்ட படிவத்தில் அந்த உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்திருக்காவிட்டால். நகல் வாங்குங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

கடைசியாக, அந்தப் பதிவுத் தபால். வாங்க மறுத்தால் வந்து சேர்ந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் போகாத வழக்கில் எக்ஸ்பார்ட்டி டிகிரி, அதாவது ஒருதலைத் தீர்ப்பாணை, ஆகும். அதை ரத்து செய்யக் கேட்பதற்கு 30 நாட்கள்தான், தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டும். சீட்டு வழக்குகள் சீட்டுப் பதிவாளரிடம் நடப்பதால், அது கோர்ட் இல்லையே என்று அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். அங்கே வரும் உத்தரவும் டிகிரியைப் போலவே நிறைவேற்றப்படும். சம்பளச் சீட்டில் புது வரியோடு வந்தாரே, அவருக்கு வந்தது அதுதான்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். யாரிடம் போனாலும் தபால் வந்த வாரத்திலேயே போங்கள். உள்ளே இருந்த தாளை மட்டும் உருவிக்கொண்டு போகாமல் உறையையும் எடுத்துப் போங்கள். நாட்களை எண்ணுவதற்கு அதன் மேலிருக்கும் தபால் முத்திரைத் தேதியும் உதவும்.