ஷோரூமா, தனி வியாபாரியா? மூடியைத் திறப்பவன் சொல்வது

போன ஆடி மாதம் ஒரு தம்பி கடைக்கு வந்தார். ஐடி கம்பெனியில் வேலை. கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்ததை மேசைமேல் வைத்து, “அண்ணே, இது ஒரிஜினல்தானா, பார்த்துச் சொல்லுங்க” என்றார். ரோலக்ஸ் சப்மரினர் வாட்ச். இன்ஸ்டாகிராமில் பழக்கமான ஒரு வியாபாரியிடம், ஒரு ஸ்டார் ஹோட்டல் லாபியில் உட்கார்ந்து, ஆறரை லட்சம் கொடுத்து வாங்கி நாலு நாள் ஆகிறது. தாலி கட்டி முடித்த பிறகு ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வருவது போலத்தான் இது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் வருகிறார்கள்.

நான் 24 வருடமாகச் சென்னையில் வாட்ச் ரிப்பேர் பார்க்கிறேன். அப்பாவுக்கும் இதே தொழில். அவர் காலத்தில் எச்எம்டியும், பர்மா பஜாரிலிருந்து வந்த சீக்கோவும் சிட்டிசனும்தான் மேசையில் கிடக்கும். இப்போது ஐந்து லட்சம், பத்து லட்சம் வாட்செல்லாம் சாதாரணமாக வருகின்றன. வாட்ச் மாறியிருக்கிறது. வாங்குகிறவர் ஏமாறும் விதம் மட்டும் அவ்வளவாக மாறவில்லை.

சரி, தம்பியின் வாட்சுக்கு வருகிறேன். முதலில் செயினைக் கழற்றினேன். பழைய ரோலக்ஸில் மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் கேஸ் என்கிற வெளிக்கூட்டின் பக்கவாட்டில், செயின் மாட்டும் கொம்புகளுக்கு நடுவே மறைந்திருக்கும். பன்னிரண்டு மணிப் பக்கம் மாடல், ஆறு மணிப் பக்கம் சீரியல். மாடல் 16610, சீரியல் தொண்ணூறுகளின் நடுப்பகுதியைச் சொன்னது. கேஸ் அசல். பின்மூடியைத் திறந்தேன். உள்ளே 3135 மெஷின், அதுவும் அசல். தம்பி பெருமூச்சு விட்டார். “இருங்க, இன்னும் முடியல” என்றேன்.

லூப் என்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து டயலைப் பார்த்தேன். ஆறு மணிக்குக் கீழே, பொடி எழுத்தில், ஸ்விஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் டி என்ற எழுத்தும் 25 என்ற எண்ணும் இருந்தன. இருட்டில் மணி தெரிவதற்காக டிரிட்டியம் என்கிற கதிரியக்கப் பொருள் பூசிய டயல் என்று அர்த்தம். டிரிட்டியத்தின் வீரியம் சுமார் 12 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும். முப்பது வருடத்து டயல் என்றால் இந்நேரம் செத்துப்போயிருக்க வேண்டும். மேசை விளக்கின் வெளிச்சத்தில் வாட்சை ஒரு நிமிடம் காட்டிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி எல்லா விளக்கையும் அணைத்தேன். டயலில் இருந்த புள்ளிகள் எதுவும் தெரியவில்லை. ஆனால் இரண்டு முள்ளும் பச்சைப் பசேலென்று எரிந்தன.

டயல் அந்தக் காலத்தது, முள் இந்தக் காலத்தது. அடுத்து, ஆட்டோமேட்டிக்காக சாவி ஏற்றிக்கொள்ளும் பகுதியைக் கழற்றினால் அங்கே இரண்டு சிவப்புச் சக்கரங்கள் இருக்கும். இதில் ஒன்றின் சிவப்பு வேறு மாதிரி இருந்தது. கம்பெனி சக்கரம் இல்லை, வெளியில் செய்தது. பின்மூடியின் ரப்பர் வாஷர் தட்டையாகி, நசுங்கிப் போயிருந்தது. 300 மீட்டர் ஆழம் தாங்கும் என்று டயலில் எழுதியிருக்கும் இந்த வாட்சைக் கட்டிக்கொண்டு கை கழுவுவதற்கே நான் யோசிப்பேன்.

“அப்போ இது டூப்ளிகேட்டா அண்ணே?” டூப்ளிகேட் இல்லை. ஆனால் வியாபாரி சொன்னதுபோல் ‘முழு ஒரிஜினலும்’ இல்லை. இதை விளங்கவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. இந்தக் கட்டுரையை எழுதுவதும் அதற்காகத்தான்.

எல்லோருக்கும் ஃபர்ஸ்ட் காப்பியை, அதாவது அசலைப் போலவே செய்த டூப்ளிகேட்டைக் கண்டுதான் பயம். பயப்பட வேண்டியதுதான். இப்போது வரும் காப்பிகளை முகத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. மெஷினைக்கூட அதே அச்சில் செய்கிறார்கள். ஆனால் மூடியைத் திறந்து, ஸ்க்ரூ தலையின் ஓரத்தையும் தகட்டின் விளிம்பு சீவியிருக்கும் விதத்தையும் லூப்பில் பார்த்தால் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். நான் அதிகம் பார்ப்பது வேறு ரகம். கேஸ் ஒரு வாட்சிலிருந்து, முள் இன்னொன்றிலிருந்து, புதிதாகப் பெயிண்ட் அடித்த டயல், வெளியில் வாங்கிய கண்ணாடி என்று ஒட்டுப்போட்ட வாட்ச். இதை ஃபிராங்கன் வாட்ச் என்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் பல பாகங்கள் அசலாகவே இருக்கும். அதனால்தான் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இதில் யார் வேண்டுமானாலும் விழலாம் என்பதற்கு ஓர் உதாரணம். 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 1957-ஐச் சேர்ந்த ஓர் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 31 லட்சம் ஸ்விஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. வாங்கியவர்கள் ஒமேகா கம்பெனிக்காரர்களேதான், தங்கள் மியூசியத்துக்காக. 2023-இல் அந்தக் கம்பெனியே வெளியில் வந்து, அது பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது, தங்களிடம் முன்பு வேலை பார்த்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று சொன்னது. செய்த கம்பெனிக்கே இந்தக் கதி. ஹோட்டல் லாபி வெளிச்சத்தில் நாம் என்னத்தைக் கண்டுபிடிக்கப் போகிறோம்?

அப்போ ஷோரூமே போதும் என்று சொல்லிவிடலாமா? புது வாட்ச் என்றால், அதுவும் வாழ்க்கையில் முதல் தடவையாக இவ்வளவு பணம் போடுகிறீர்கள் என்றால், ஆமாம், கம்பெனி அங்கீகாரம் உள்ள டீலரிடமே போங்கள். ஷோரூமில் நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் காபிக்கும் ஏசிக்கும் என்று நினைக்கிறோம். இல்லை. வாரண்டி கார்டில் விழும் அந்தத் தேதிக்குத்தான் அந்தப் பணம். ரோலக்ஸும் ஒமேகாவும் 5 வருட வாரண்டி தருகின்றன. அது கார்டில் உள்ள தேதியிலிருந்து ஓட ஆரம்பிக்கும். தனி வியாபாரியிடம் ‘பிரிக்காத புதுசு’ என்று வாங்கும் வாட்சின் கார்டில் எட்டு மாதத்துக்கு முந்தைய தேதியும் யாரோ ஒருவரின் பெயரும் இருப்பது சகஜம். எங்கேயோ ஒரு டீலர் கடையில் வாங்கியவர் கை மாற்றிவிட்ட வாட்ச் அது. வாட்ச் அசல்தான், ஆனால் எட்டு மாதம் ஏற்கெனவே கரைந்துவிட்டது. கார்டே இல்லை என்றால் வாரண்டியும் இல்லை.

கடைவாசலில் இருக்கும் போர்டை நம்பாதீர்கள். ஒரே கடை ஒரு பிராண்டுக்கு அங்கீகாரம் பெற்றிருக்கும், பக்கத்து அலமாரியில் இருக்கும் இன்னொரு பிராண்டுக்குப் பெற்றிருக்காது. அங்கீகாரம் போன பிறகும் போர்டு மட்டும் தொங்கும் கடைகள் உண்டு. கம்பெனி இணையதளத்தில் டீலர் பட்டியல் இருக்கும். இரண்டு நிமிட வேலை.

ஷோரூமிலும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல மாட்டேன். கேட்கிற மாடல் கிடைக்காது. பெயரை எழுதிக்கொண்டு ‘கூப்பிடுகிறோம் சார்’ என்பார்கள். வருடம் ஓடும். என் வாடிக்கையாளர் ஒருவரிடம், “முதல்ல இந்த ரெண்டு வாட்சையும் எடுத்துக்கோங்க, அப்புறம் நீங்க கேட்டதைப் பார்க்கலாம்” என்று ஒரு கடையில் சூசகமாகச் சொன்னார்களாம். அவர் எடுத்துக்கொண்டார். இன்னும் காத்திருக்கிறார். இந்தக் காத்திருப்புதான் வெளிச்சந்தையை வளர்க்கிறது. சில மாடல்கள் வெளியில் ஷோரூம் விலையைவிட அதிகமாக விற்பது அதனால்தான். 2022 தொடக்கத்தில் வெளிவிலை உச்சத்துக்குப் போனது. அப்போது ‘இது முதலீடு’ என்று வாங்கியவர்கள் சிலர், அப்புறம் விலை இறங்கியதும் என் கடைக்கு வந்து “யாராவது கேட்டா சொல்லுங்க” என்றார்கள். வாட்சை முதலீடாகப் பார்ப்பது எனக்குப் பிடிக்காத பேச்சு. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

பில் இல்லாமல் வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘துபாயிலிருந்து வந்தது, பில் வேண்டாம், அதனாலதான் இந்த ரேட்’ என்பது வழக்கமான வசனம். 1962-ஆம் வருடச் சுங்கச் சட்டத்தில் 123-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். கடத்தல் பொருள் என்று நம்பி அதிகாரிகள் பறிமுதல் செய்தால், அது கடத்தல் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு, யாரிடமிருந்து எடுத்தார்களோ அவருடையது. அந்தப் பிரிவிலேயே பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கும் பொருட்கள் இரண்டு: ஒன்று தங்கம், இன்னொன்று வாட்ச். லாபியில் சிரித்துப் பேசிய வியாபாரி அப்போது போனை எடுப்பாரா? அதோடு, 2 லட்சமோ அதற்கு மேலோ விற்பவர் ரொக்கமாகப் பெற்றுக்கொள்வதற்கு வருமான வரிச் சட்டம் இடம் தருவதில்லை. 10 லட்சத்தைத் தாண்டும் கைக்கடிகாரத்துக்கு 2025 ஏப்ரல் 22 முதல் விற்பவர் 1 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். அது உங்கள் பான் கணக்கில் வரவாகிவிடும். இதையெல்லாம் கேட்டதும் முகம் சுளிக்கிற வியாபாரியிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட நாடுகளோடு இந்தியா போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஸ்விஸ் வாட்சுக்கான சுங்கவரி அதன்படி படிப்படியாகக் குறையும். ‘துபாய் ரேட்’ என்ற ஆசைக்கும் அதோடு வேகம் குறையலாம்.

எங்கள் தொழில் ரகசியம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ரகசியம் என்பதைவிட வயிற்றெரிச்சல். பெரிய ஸ்விஸ் கம்பெனிகள் பலவும் எங்களைப் போன்ற வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரிபாகம் கொடுப்பதில்லை. ஐரோப்பாவில் ரிப்பேர்காரர்கள் சங்கம் சேர்ந்து 2004-இல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தார்கள். பதிமூன்று வருடம் இழுத்து, 2017-இல் நீதிமன்றத்திலும் கம்பெனிகளுக்குச் சாதகமாகவே முடிந்தது. அங்கேயே அப்படி. அதனால் பழைய வாட்சுக்குப் பாகம் வேண்டுமென்றால், இன்னொரு வாட்சை உடைத்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் வெளியில் செய்ததைப் போட வேண்டும். தம்பியின் வாட்சில் அந்தச் சிவப்புச் சக்கரம் இப்படித்தான் வந்திருக்கும். போட்டவர் திருடன் என்று நான் சொல்ல மாட்டேன். விற்றவர் சொல்லாமல் விட்டதுதான் தப்பு. முள்ளும் கம்பெனி சர்வீஸிலேயே மாற்றியதாக இருக்கலாம். பழைய டிரிட்டியம் முள்ளை எடுத்துவிட்டுப் புதிது போட்டு அனுப்புவது உண்டு. அதற்கு ஒரு சர்வீஸ் பில் இருந்திருந்தால் நான் விளக்கை அணைத்திருக்கவே வேண்டாம்.

ஆகவே, தனி வியாபாரி என்றாலே ஆகாது என்பது என் கட்சி இல்லை. உற்பத்தி நின்றுபோன மாடலுக்கு அவர்களை விட்டால் வழி குறைவு. ரோலக்ஸே 2022 டிசம்பரில்தான், சோதித்த பழைய வாட்சுகளை டீலர்கள் மூலம் 2 வருட உத்தரவாதத்தோடு விற்கத் தொடங்கியது. மற்றபடி பழைய வாட்ச் சந்தை தனி ஆட்களின் கையில்தான் இருக்கிறது. அங்கே வாங்குவதற்கு முன் சீரியல் நம்பரைக் கேளுங்கள். திருட்டு வாட்ச் பட்டியலில் தேடிப் பார்க்க லண்டனின் வாட்ச் ரெஜிஸ்டர் இருக்கிறது, ரிச்மாண்ட் குழுமம் நடத்தும் என்கொயரஸ் இருக்கிறது. பெட்டியும் கார்டும் இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். பெட்டி தனியாக விலைக்குக் கிடைக்கிறது, கார்டும் கிடைக்கிறது. கார்டில் உள்ள நம்பரும் கேஸில் உள்ள நம்பரும் ஒன்றா என்று செயினைக் கழற்றிப் பாருங்கள். அப்புறம், பணம் கைமாறும் முன் ஒரு மெக்கானிக் முன்னால் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். என்னிடம்தான் வர வேண்டும் என்பதில்லை, உங்கள் ஊரில் இதைத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் சரி. வியாபாரி சம்மதிக்கிறாரா, சாக்குச் சொல்கிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். “திறந்தா வாட்டர் ப்ரூஃப் போயிடும் சார்” என்பது எனக்கு மனப்பாடமான சாக்கு. வாஷரைப் பார்த்து, தேவையென்றால் மாற்றி, மூடிய பிறகு பிரஷர் டெஸ்ட் செய்துகொள்ளலாம். அரை மணி நேர வேலை.

இரண்டு மாதம் முன்பு ஒரு டாக்டரம்மா தன் வீட்டுக்காரரின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய ஸ்பீட்மாஸ்டர் வாங்க ஆசைப்பட்டு, விற்பவரையே என் கடைக்கு அழைத்து வந்தார். அந்த வியாபாரி சின்னப் பையன்தான், ஆனால் வந்து உட்கார்ந்ததுமே, “பட்டன் ஒண்ணு கொஞ்சம் இறுக்கமா இருக்கு, பார்த்துக்கோங்க” என்று தானாகச் சொன்னார். கண்ணாடியின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒமேகா முத்திரை இருக்கும். வெறும் கண்ணுக்கு எளிதில் தெரியாது. லூப்பில் அது தெரிந்தது, கண்ணாடி கம்பெனியுடையது. உள்ளே 1861 மெஷின், யாரும் கெடுக்காமல் சுத்தமாக இருந்தது. பட்டனின் உள்வாஷர்தான் காய்ந்திருந்தது. விலையில் பதினைந்தாயிரம் குறைத்து, என் மேசையிலேயே பில் எழுதிக் கொடுத்தார். போகும்போது தன் பையிலிருந்து இன்னும் மூன்று வாட்சை எடுத்து வைத்து, “இதையும் பார்த்து வைங்க, நாளைக்கு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சப்மரினர் தம்பி வியாபாரியைக் கூப்பிட்டுப் பார்த்தார். முதலில் எடுத்தார், பிறகு எடுக்கவில்லை. வாட்சை விற்க அவருக்கு மனம் வரவில்லை. வாஷரை மாற்றி, எண்ணெய் விட்டு, ஓட்டத்தைச் சரிசெய்து கொடுத்தேன். பழைய டிரிட்டியம் முள் ஒரு ஜோடி கிடைத்தால் சொல்லச் சொல்லி மும்பையில் நாலு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். “அதுவரைக்கும் என்னண்ணே பண்றது?” என்றார். ராத்திரி கரண்ட் போனால் மணி பார்த்துக்கொள்ளுங்கள், அதுவாவது தெரியும் என்றேன்.