40-வது பிரிவு: மேற்குக் கரையில் கிணறு தோண்ட யாரைக் கேட்க வேண்டும்?

1967 போரில் இஸ்ரேல் கைப்பற்றிய மேற்குக் கரையில், பெத்லகேம், ஹெப்ரான் பக்கம் எடுத்த படங்களைப் பார்த்தால் ஒன்று உடனே கண்ணில் படும். பாலஸ்தீன வீடுகளின் மொட்டை மாடிகளில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள் வரிசையாக நிற்கும். வீட்டுக்கு இரண்டு, மூன்று இருக்கும். அண்ணன் தம்பி குடும்பங்கள் ஒரே கட்டடத்தில் இருந்தால் அதற்கு மேலும் இருக்கும். எதிர்க் குன்றில் இஸ்ரேலியக் குடியேற்றம் இருக்கிறது. அங்கே சிவப்பு ஓட்டுக் கூரைகள்தான், கறுப்புத் தொட்டிகள் இல்லை. குடியேற்றத்தில் எந்த நேரம் குழாயைத் திறந்தாலும் தண்ணீர் வரும். பாலஸ்தீன ஊர்களில் கோடையில் முறை வைத்துத்தான் விடுவார்கள். சில தெருக்களுக்கு அந்த முறை வர வாரக்கணக்கில் ஆகும். வரும் நாளில் பிடித்து வைக்கத்தான் அத்தனை தொட்டிகள்.

இரண்டு குன்றுகளுக்கும் அடியில் இருப்பது ஒரே மலைப் படுகையின் நிலத்தடி நீர்தான். அதை யார் எவ்வளவு எடுக்கலாம், எடுக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்வது ஒரு ஒப்பந்தப் பிரிவு. 1995 செப்டம்பர் 28-ல் இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் கையெழுத்திட்ட இடைக்கால ஒப்பந்தத்தில், அதாவது ஓஸ்லோ 2-ல், மூன்றாவது இணைப்பின் 40-வது பிரிவு அது. அரபு-இஸ்ரேல் மோதலில் தண்ணீரின் பங்கைப் புரிந்துகொள்ள இந்தச் சில பக்கங்களைப் படித்தாலே பெரும்பகுதி விளங்கிவிடும்.

பிரிவு என்ன சொல்கிறது?

மேற்குக் கரையில் பாலஸ்தீனர்களுக்குத் தண்ணீர் உரிமை உண்டு என்பதை இஸ்ரேல் ஏற்கிறது. பிரிவு தொடங்குவதே இப்படித்தான். 1967-லிருந்து பாலஸ்தீனர்கள் கேட்டு வந்த வார்த்தை அது. ஆனால் அடுத்த வரியிலேயே, அந்த உரிமை எவ்வளவு என்பது இறுதி நிலைப் பேச்சுவார்த்தையில் முடிவாகும் என்று வந்துவிடுகிறது. உரிமை உண்டு, அளவு பிறகு. இடைக்காலம் என்று வைத்தது 5 ஆண்டுகள். 1994 மே மாதத்திலிருந்து கணக்கிட்ட அது 1999 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. இறுதி ஒப்பந்தம் இன்றுவரை வரவில்லை. அதனால் ஐந்தாண்டுக்கென்று எழுதிய ஏற்பாடே இன்னும் நடப்பில் இருக்கிறது.

சரி, அந்த 5 ஆண்டுகளுக்கு எவ்வளவு என்று போட்டார்கள்? நமக்குப் பழகிய டி.எம்.சி.யோடு சேர்த்துப் பார்த்தால் எளிதாக இருக்கும். ஒரு டி.எம்.சி. என்பது சுமார் 2.83 கோடி கன மீட்டர். பாலஸ்தீனர்களின் உடனடித் தேவை என்று பிரிவு ஒத்துக்கொண்டது ஆண்டுக்கு 2.86 கோடி கன மீட்டர், கிட்டத்தட்ட ஒரே ஒரு டி.எம்.சி. இதில் 95 லட்சம் கன மீட்டரைக் கொடுப்பது இஸ்ரேலின் பொறுப்பு. அந்த 95 லட்சத்திலும் 50 லட்சம் காசாவுக்கு. மீதி 1.91 கோடியைப் பாலஸ்தீனர்களே தோண்டி எடுத்துக்கொள்ள வேண்டும். வருங்காலத் தேவை என்று மேற்குக் கரைக்குக் குறித்தது ஆண்டுக்கு 7 முதல் 8 கோடி கன மீட்டர்.

பிரிவோடு சேர்ந்த 10-வது அட்டவணையைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். மலைப் படுகையை அது மூன்றாகப் பிரிக்கிறது. மேற்குப் படுகையில் ஆண்டுக்கு 36.2 கோடி கன மீட்டர் கிடைக்கும். அதில் இஸ்ரேல் எடுப்பது 34 கோடி, பாலஸ்தீனர்கள் 2.2 கோடி. வடகிழக்கில் இஸ்ரேல் 10.3 கோடி, பாலஸ்தீனர்கள் 4.2 கோடி. கிழக்கில் இஸ்ரேல் 4 கோடி, பாலஸ்தீனர்கள் 5.4 கோடி, இன்னும் எடுக்காமல் மிச்சம் இருப்பதாகக் காட்டியது 7.8 கோடி. மூன்றையும் கூட்டினால் மொத்தம் 67.9 கோடி. இஸ்ரேலுக்கு 48.3, பாலஸ்தீனர்களுக்கு 11.8.

அந்த 7.8 கோடியையும் வருங்காலத் தேவை என்று குறித்த 7-8 கோடியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே எடுத்து வரும் அளவுகளைத் தொடர்வது என்பதையே பிரிவு ஒரு கொள்கையாக எழுதியிருக்கிறது. ஆக, 28 வருட ராணுவ ஆட்சியில் உருவான பங்கீடு அப்படியே நிற்கும். புதிதாகத் தேவைப்படுவதைக் கிழக்குப் படுகையில் மிச்சம் இருப்பதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த அட்டவணையில் மிகவும் உறுத்தும் இடம் இதுதான். உரிமையை ஏற்றுக்கொண்ட அதே காகிதம், மிச்சம் என்று எழுதிய இடத்தில்தான் தேவைக்கு வழி காட்டுகிறது.

அந்த மிச்சமும் சுலபமாகக் கிடைக்கும் தண்ணீர் இல்லை. கிழக்குப் படுகையில் கிணறுகள் மிக ஆழமாகப் போக வேண்டும், செலவு அதிகம், பல இடங்களில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. அட்டவணை சொன்ன அளவு அங்கே உண்மையில் இருக்கிறதா என்பதே கேள்வியாகிவிட்டது. நல்ல தண்ணீர் நிறைந்தது மேற்குப் படுகைதான். மழை விழுவது பெரும்பாலும் மேற்குக் கரையின் மலைகளில். அது பூமிக்கடியில் மேற்கே சரிந்து இஸ்ரேலின் சமவெளியில் கிணறுகளுக்கும் ஊற்றுகளுக்கும் வந்து சேர்கிறது. அந்தப் படுகையில் பாலஸ்தீனர்களின் பங்கு 16-ல் ஒன்று அளவுதான்.

அட்டவணையில் இல்லாத ஒரு பெயரும் உண்டு, யோர்தான் நதி. மேற்குக் கரையின் கிழக்கு எல்லையில் பெரும்பகுதி அந்த நதிதான். 1967-க்கு முன் கரையோர விவசாயிகள் அதிலிருந்து பம்பு வைத்து இறைத்தார்கள். போருக்குப் பிறகு நதிக்கரை ராணுவப் பகுதியானது. பாலஸ்தீனர்கள் அதிலிருந்து எடுக்கும் அளவு பூஜ்யம்.

அனுமதி வாங்கும் வழி

ஒரு ஊருக்குக் குடிநீர்க் கிணறு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாலஸ்தீன நீர் ஆணையம் திட்டத்தைத் தயார் செய்து கூட்டு நீர்க் குழுவுக்கு அனுப்ப வேண்டும். 40-வது பிரிவு உருவாக்கிய குழு இது. இரு தரப்புக்கும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்கள், எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு. கிணறு எங்கே, எவ்வளவு ஆழம், ஆண்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் எல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். அது தாண்டினாலும், கிணறோ குழாய் போகும் வழியோ சி பகுதியில், அதாவது ஓஸ்லோ 2-ன்படி முழுக்க இஸ்ரேல் கட்டுப்பாட்டில் இருக்கும் நிலத்தில், வந்தால் இஸ்ரேல் ராணுவத்தின் கீழ் இயங்கும் சிவில் நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். சி பகுதி மேற்குக் கரையில் சுமார் 60 சதவீதம். ஊர்கள் தீவுத்தீவாக இருப்பதால், ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக் குழாய் போனாலே அந்தப் பகுதியை மிதிக்காமல் போவது கஷ்டம்.

சம உறுப்பினர்கள், ஒருமித்த முடிவு என்றால் நியாயமாகத்தானே தெரிகிறது? இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாவது, குழுவின் அதிகாரம் மேற்குக் கரையோடு நின்றுவிடுகிறது. அதே மேற்குப் படுகையில், எல்லைக்கு அந்தப் பக்கம் இஸ்ரேல் தோண்டும் கிணறு எதற்கும் குழுவைக் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவது, குழு முடிவே எடுக்காமல் இருந்தால் பழைய பங்கீடு தொடரும். 48.3 கோடி வைத்திருப்பவருக்கு அதனால் நஷ்டம் இல்லை. கிணற்றுக்குக் காத்திருக்கும் ஊருக்கு ஒவ்வொரு கோடையும் நஷ்டம்.

குடியேற்றங்களுக்கான குழாய்த் திட்டங்களும் இதே குழுவுக்குத்தான் வரும். சர்வதேசச் சட்டப்படி செல்லாது என்று தாங்கள் சொல்லும் குடியேற்றத்துக்குப் பாலஸ்தீன அதிகாரிகள் கையெழுத்துப் போட வேண்டிய நிலை. போடாவிட்டால் தங்கள் ஊர்த் திட்டம் நிற்கும் என்ற பயம். 2010 வாக்கில் அவர்கள் போட மறுத்தார்கள். குழு பல ஆண்டுகள் கூடவே இல்லை. 2017 ஜனவரியில் புது ஏற்பாடு வந்தது: ஊருக்குள் குழாய் போடுவது போன்ற வேலைகளுக்கு இனிக் குழு ஒப்புதல் தேவையில்லை. ஆனால் புதுக் கிணறு தோண்ட, எடுக்கும் அளவைக் கூட்ட, பழையபடி குழுவைத்தான் கேட்க வேண்டும்.

இந்தப் பிடி எங்கிருந்து வந்தது?

ஓஸ்லோவுக்கு முன்பே இதன் வேர் இருக்கிறது. 1953-ல் இஸ்ரேல் யோர்தான் நதியைத் திருப்பும் வேலையைத் தொடங்கியபோது சிரியாவோடு மோதல் வந்தது. அமெரிக்கா எரிக் ஜான்ஸ்டன் என்ற சிறப்புத் தூதரை அனுப்பி 1955 வரை பேசி ஒரு பங்கீட்டுத் திட்டம் உண்டாக்கியது. நிபுணர்கள் ஏற்றார்கள், அரபு அரசுகள் அரசியல்ரீதியாக ஏற்கவில்லை. 1964-ல் கலிலேயக் கடல் என்ற நன்னீர் ஏரியிலிருந்து தெற்கே நெகேவ் பாலைவனம் நோக்கித் தண்ணீர் கொண்டுபோகும் தேசிய நீர்வழி ஓடத் தொடங்கியது. அரபு நாடுகள் நதியின் தலையூற்றுகளையே திருப்ப முடிவு செய்தன. சிரியாவில் நடந்த அந்த வேலைகளை இஸ்ரேல் குண்டு போட்டு நிறுத்தியது. 1967 போருக்குத் தண்ணீர் மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் போர் முடிந்தபோது கோலான் குன்றுகளின் ஊற்றுகளும் மலைப் படுகையின் மேல் நிலமும் இஸ்ரேல் கையில் இருந்தன.

போர் முடிந்து இரண்டே மாதத்தில், 1967 ஆகஸ்டில், 92-ம் எண் ராணுவ ஆணை மேற்குக் கரையின் தண்ணீர் அதிகாரம் முழுவதையும் ராணுவத் தளபதியிடம் கொடுத்தது. நவம்பரில் வந்த 158-ம் ஆணை, அனுமதி இல்லாமல் எந்த நீர் அமைப்பும் கட்டக் கூடாது என்றது. 1982-ல் விநியோக அமைப்பு இஸ்ரேலின் தேசிய நீர் நிறுவனமான மெக்கோரோத் கைக்குப் போனது.

யெரிகோவுக்கு வடக்கே அல்-அவ்ஜா என்ற ஊர் இருக்கிறது. ஒரு பெரிய ஊற்று, அதிலிருந்து வயல்களுக்குப் போகும் கால்வாய், வாழைத் தோப்புகள் என்று பேர் பெற்ற இடம். பக்கத்தில் மெக்கோரோத்தின் ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தன. பிறகு ஊற்று வருடத்தில் பல மாதம் வற்றிப் போகத் தொடங்கியது, வாழை போயிற்று. மழை குறைந்ததும் ஒரு காரணம் என்கிறது இஸ்ரேல் தரப்பு. ஊர்க்காரர்கள் கிணறுகளைக் காட்டுகிறார்கள். காய்ந்த சிமென்ட் கால்வாய் மட்டும் வயல் நடுவே நீண்டு கிடக்கிறது.

இஸ்ரேலின் வாதங்களையும் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்டதைவிட அதிகமாகவே தண்ணீர் தருகிறோம். பாலஸ்தீனத் தரப்பு கிழக்குப் படுகையைச் சரியாகப் பயன்படுத்தவில்லை. குழாய்களில் கசிவு அதிகம். ஜெனின் பக்கம் அனுமதியில்லாக் கிணறுகள் பெருகுகின்றன. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஓடைகளில் விடுகிறார்கள். கசிவும் கழிவுநீரும் உண்மையான பிரச்சினைகள். ஆனால் அதிகமாகத் தருவது என்பது மெக்கோரோத்திடம் விலைக்கு வாங்குவது. அடியில் இருக்கும் தண்ணீரின் உரிமைக்கு அது ஈடாகாது என்பது பாலஸ்தீனர்களின் பதில். எனக்கு அந்தப் பதில் சரியாகவே படுகிறது.

ஜோர்டானுக்கு எழுதியது வேறு

ஓஸ்லோ 2-க்கு 11 மாதம் முன்பு, 1994 அக்டோபர் 26-ல் இஸ்ரேலும் ஜோர்டானும் சமாதான ஒப்பந்தம் போட்டன. அதன் தண்ணீர் இணைப்பைப் படித்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். யோர்தானின் துணையாறான யார்முக் நதியில் மே 15 முதல் அக்டோபர் 15 வரை இஸ்ரேல் 1.2 கோடி கன மீட்டர் எடுக்கலாம், மீதி ஜோர்டானுக்கு. அக்டோபர் 16 முதல் மே 14 வரை 1.3 கோடி, மீதி ஜோர்டானுக்கு. குளிர்காலத்தில் கூடுதலாக 2 கோடியை இஸ்ரேல் எடுத்துக்கொண்டு, கோடையில் யோர்தான் நதியிலிருந்து 2 கோடியைத் திருப்பித் தர வேண்டும். தேதி இருக்கிறது, அளவு இருக்கிறது. 1999 வறட்சியில் இஸ்ரேல் அளவைக் குறைக்கப் பார்த்தபோது, ஜோர்டானுக்குக் காட்ட ஒரு எண் இருந்தது. 2021-ல் இன்னும் 5 கோடி கன மீட்டரை விலைக்குத் தரவும் இஸ்ரேல் ஒப்புக்கொண்டது. அந்த ஒப்பந்தத்துக்கும் குறை உண்டு. சிரியாவும் பாலஸ்தீனர்களும் அதில் இல்லை. கலிலேயக் கடலுக்குக் கீழே யோர்தான் நதியில் இன்று ஓடுவது பழைய ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

காசா தனிக் கதை. அங்கே இருப்பது கடலோரப் படுகை மட்டுமே. மழையால் ஊறுவதைப்போலப் பல மடங்கு இறைத்ததில் கடல்நீர் உள்ளே வந்து, 2023 போருக்கு முன்பே அந்தத் தண்ணீரில் 95 சதவீதத்துக்கு மேல் குடிக்கத் தகுதியற்றதாகிவிட்டது. 2023 அக்டோபரில் இஸ்ரேல் தன் குழாய்களையும் மூடியது.

இன்று

1995-க்கும் இன்றைக்கும் பெரிய மாற்றம் கடல்நீர். 2005 முதல் 2015-க்குள் அஷ்கெலோன், பால்மாகிம், ஹதேரா, சோரேக், அஷ்தோத் என்று கடல்நீரைக் குடிநீராக்கும் ஐந்து பெரிய ஆலைகளை இஸ்ரேல் கட்டிவிட்டது. இஸ்ரேல் வீடுகளின் தண்ணீரில் பெரும்பகுதி இப்போது கடலிலிருந்து வருகிறது. மலைப் படுகையை விட்டால் வழியில்லை என்ற பழைய வாதத்தின் பலம் குறைந்துவிட்டது. ஆனாலும் 10-வது அட்டவணையில் ஒரு எண்கூட மாறவில்லை. மேற்குக் கரைக்கோ கடலே கிடையாது.

இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பான பெத்செலெம் தரும் 2020-ம் ஆண்டுக் கணக்கில், இஸ்ரேலியர் ஒருவரின் ஒரு நாள் பயன்பாடு 247 லிட்டர். மேற்குக் கரைப் பாலஸ்தீனருக்குச் சராசரி 82.4 லிட்டர். குழாய் இணைப்பே இல்லாத ஊர்களில் 26 லிட்டர். அப்படிப்பட்ட ஊர்கள் பல சி பகுதியில், ஹெப்ரானுக்குத் தெற்கே குன்றுகளில் இருக்கின்றன. ஆடு மேய்க்கும் குடும்பங்கள், தண்ணீர் லாரி வந்தால் வாங்குகிறார்கள். லாரித் தண்ணீரின் விலை குழாய்த் தண்ணீரைப்போலப் பல மடங்கு. அப்புறம் மழைநீர்த் தொட்டிகள். பாறையைக் குடைந்து அமைத்த அவற்றில் சில தாத்தா காலத்தவை. 158-ம் ஆணைப்படி அதற்கும் அனுமதி வேண்டும். அனுமதி இல்லை என்று இடித்த தொட்டிகளை ஐ.நா. பதிவு செய்திருக்கிறது. புதிதாக ஒன்று கட்ட வேண்டுமானால் விண்ணப்பம் போட வேண்டிய இடம் சிவில் நிர்வாகம்தான்.